இல்லாத பாக்கியும் எழுதாத கடனும்
தியோதிவாக்கான் இடிபாடுகளும் நம்முடைய மயன் கதையும்: ஒரு திறனாய்வு

தமிழ்க் கூட்டம் எதுவானாலும் சரி, பேச்சாளர் கொஞ்சம் சூடு பிடித்ததும் மெக்சிகோவுக்குப் போய்விடுகிறார். "மாயா நாகரிகம், மாயா நாகரிகம் என்கிறார்களே, அந்த மாயா யார் தெரியுமா? நம்ம மயன்தான்! அங்கே நிற்கிற பிரமிடு எல்லாம் தமிழன் போட்ட கணக்கு!" என்று சொன்னதும் கொட்டகை அதிரக் கைதட்டல் விழுகிறது. பொங்கல் விழாவிலும் கேட்டிருக்கிறேன், திருவள்ளுவர் நாளிலும் கேட்டிருக்கிறேன். முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளைகளும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆகவே இந்த வாக்கியத்தைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். அதற்கு இந்த மலரைவிடப் பொருத்தமான இடம் வேறு எது?

அடியேன் கல்லூரி வாசல் மிதித்தவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பம். நாகபுரிக்கு வந்து நாற்பது ஆண்டுகளாக மிளகாய், தனியா, மஞ்சள் வியாபாரம். கடை சாத்தியபின் படித்த படிப்புதான் நம்ம படிப்பு. என் இளைய மகன் வேலை நிமித்தமாக மெக்சிகோ நகரத்தில் இருந்தான். 2023 பிப்ரவரியில் நானும் என் துணைவியாரும் அங்கே போய் மூன்று வாரம் தங்கினோம். தியோதிவாக்கான் என்னும் அழிந்த நகரத்தை இரண்டு முறை சுற்றிப் பார்த்தேன். அங்கே கிடைத்த பொருள்கள் பல வைக்கப்பட்டிருக்கும் தேசிய மானிடவியல் அருங்காட்சியகத்திலும் இரண்டு நாள் செலவிட்டேன். கண்ணால் கண்டதையும் நூல்களில் படித்ததையும் ஒத்துப் பார்த்து எழுதுவதே இக்கட்டுரை.

1. ஊரின் கிடப்பு

மெக்சிகோ நகரத்துக்கு வடகிழக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் தியோதிவாக்கான் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டர் உயரம். நம்ம ஊட்டிக்குச் சமம். ஆனால் ஊட்டியின் பசுமை அங்கே கிடையாது. காய்ந்த புல், கற்றாழை, சப்பாத்திக்கள்ளி, சுற்றிலும் மலைகள். அந்த வெட்டவெளியில் சூரியப் பிரமிடு எழும்பி நிற்கிறது. அடிப்பக்கம் ஒவ்வொன்றும் சுமார் 225 மீட்டர். உயரம் சுமார் 65 மீட்டர். உயரத்தில் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்துக்கு ஏறத்தாழச் சமம்தான். அகலத்தில்தான் திகைக்க வைக்கிறது. ஒருமுறை சுற்றி வந்தால் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நடை. நான் போனபோது மேலே ஏற விடவில்லை. 2020 தொற்றுக்காலத்தில் நிறுத்தியது. கீழேயே நின்று நிதானமாகப் பார்க்க வாய்த்தது.

அதற்கு வடக்கே சந்திரப் பிரமிடு. தெற்கே, கோட்டை என்று ஸ்பானியர் பெயரிட்ட பெரிய சதுக்கத்துக்குள் இறகுப் பாம்புப் பிரமிடு. மூன்றையும் இணைத்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நூல் பிடித்தாற்போல் ஓடும் ஒரு வீதி. அது நேர் வடக்கு நோக்கியும் போகவில்லை. வடக்கிலிருந்து சுமார் பதினைந்தரை பாகை கிழக்கே சாய்ந்திருக்கிறது. சாமானியன் வீட்டுச் சுவர்கூட அந்தச் சாய்வுக்கு ஒத்தே கட்டப்பட்டிருப்பதுதான் வியப்பு.

இந்த நகரம் கி.மு. 100ஐ ஒட்டி வளரத் தொடங்கியது. கி.பி. 200ஐ ஒட்டிப் பெரும் பிரமிடுகள் எழுந்தன. உச்சத்தில் 20 சதுர கிலோமீட்டர் பரப்பு; மக்கள்தொகை ஒரு லட்சத்தை எட்டியிருக்கும் என்பது அறிஞர் மதிப்பீடு. கி.பி. 550ஐ ஒட்டி வீதியின் இருபுறத்துக் கோயில்களும் மாளிகைகளும் எரிக்கப்பட்டன. வீடுகளை விட்டுவிட்டுத் தேர்ந்தெடுத்து எரித்திருப்பதால், அது வெளிப் பகைவன் வேலையைவிட உள்ளூர்க் கலகமாக இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். இந்த ஆண்டுகளை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்; பின்னால் தேவைப்படும்.

2. பெயர்கள் எல்லாம் பின்னால் வந்தவை

சூரியப் பிரமிடு, சந்திரப் பிரமிடு, இறந்தோர் வீதி என்று வழிகாட்டி சொல்லிக்கொண்டே போகிறார். இவற்றில் ஒன்றுகூடக் கட்டியவர்கள் வைத்த பெயர் இல்லை. நகரம் அழிந்து எழுநூறு ஆண்டு கழித்து அந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தவர்கள் அஸ்டெக்குகள். அவர்கள் தம் தலைநகரை நிறுவியது 1325இல். புல் மூடிக் கிடந்த மேடுகளைப் பார்த்து, இவ்வளவு பெரிதை மனிதன் கட்டியிருக்க முடியாது, தேவர்களே கட்டியிருக்க வேண்டும் என்று நினைத்தார்கள். 'தேவர்கள் உண்டான இடம்' என்று பொருள்பட அவர்களுடைய நாவா மொழியில் வைத்த பெயர்தான் தியோதிவாக்கான். வீதியோர மேடுகளைச் சமாதி என்று எண்ணியதால் 'இறந்தோர் வீதி' ஆயிற்று. அவை சமாதிகள் அல்ல, கோயில் மேடைகள் என்று பின்னால் அகழாய்வு காட்டியது. பெயர் மட்டும் போகவில்லை.

கட்டியவர்கள் தம் நகரத்தை என்ன சொல்லி அழைத்தார்கள், என்ன மொழி பேசினார்கள் என்பதற்கு இன்றுவரை முடிந்த முடிபு இல்லை. சில குறிகள் கிடைத்திருக்கின்றன. நீண்ட கல்வெட்டு ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு மன்னன் பெயர்கூட இல்லை.

சென்ற நூற்றாண்டிலும் கைவரிசை நடந்தது. மெக்சிகோ சுதந்திரப் போரின் நூற்றாண்டு 1910இல் வந்தது. விழாவுக்குள் பிரமிடைத் துலக்கிக் காட்ட வேண்டும் என்று லியோபோல்தோ பாத்ரெஸ் 1905 முதல் வேலை பார்த்தார். அவசரத்தில் சூரியப் பிரமிடின் மேற்பரப்பையே பல மீட்டர் கனத்துக்குச் சுரண்டி எடுத்துவிட்டார். இன்று நாம் படம் பிடித்துக்கொள்கிற அடுக்குகள் அப்படியே பழையவை என்று சொல்ல முடியாது. விழாப் பெருமைக்கு ஒரு சின்னம் வேண்டியிருந்தது. அதற்காகச் சான்றே கரைந்தது.

நிற்க. இந்தப் பெயர் விவகாரம் எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. ஆற்காட்டுக்குப் பக்கத்தில் விளாப்பாக்கத்தை ஒட்டி ஒரு குன்று. ஊரார் அழைக்கும் பெயர் பஞ்சபாண்டவர் மலை. அங்கே பாறையில் பல்லவ நந்தி காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. பொன்னியக்கியார் உருவம் செய்வித்ததையும் நாகநந்தி குரவர் பெயரையும் அது சொல்கிறது. அது சமணப் பள்ளி. மதுரைப் பக்கம் கீழவளவிலும் முனிவர்கள் படுத்த கற்படுக்கைகளைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்றே சொல்கிறார்கள். சொல்கிறவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. யார் வெட்டியது என்று தெரியாத இடத்தில், தெரிந்த பெரிய பெயர் ஒன்றை வைத்துவிடுகிறார்கள். ஆனால் விளைவு என்ன? பாறையைக் கொத்தியவனும், படுத்தவனும், படுக்கை வெட்டப் பணம் கொடுத்த வணிகனும் கதையிலிருந்து வெளியேறிவிடுகிறார்கள். எங்கள் சிறுபான்மைச் சமூகத்துக்கு இந்த வலி தெரியும். அதனால்தான் அடுத்தவன் பாறையில் நாம் பெயர் எழுதும்போது எனக்குப் பேசாமல் இருக்க முடியவில்லை.

3. மயன் வாதம்: சீர்தூக்கல்

மெக்சிகோ நாகரிகம் இந்தியாவிலிருந்து போனது என்ற எண்ணம் நம்மவர் சிலர் மட்டும் உண்டாக்கியது அன்று. சமன் லால் என்பார் 1940இல் 'இந்து அமெரிக்கா?' என்ற ஆங்கில நூல் எழுதினார். தலைப்பிலேயே ஒரு கேள்விக்குறி இருந்தது. பிறகு எடுத்துச் சொன்னவர்கள் கேள்விக்குறியை விட்டுவிட்டார்கள். குமரிமுனைத் திருவள்ளுவர் சிலையை வடித்த பெருந்தகை வை. கணபதி ஸ்தபதியார், 1990களில் மெக்சிகோ, பெரு நாடுகளுக்குச் சென்று கட்டடங்களைப் பார்த்தார். அவற்றில் மயன் மரபின் அளவுமுறை இருப்பதாகக் கூறினார். 2011இல் மறைந்த அவருடைய உளிக்கு முன்னால் நான் தலை வணங்குகிறேன். ஆனால் உளிக்குக் கொடுக்கும் மதிப்பு வேறு. வரலாற்றுக்குக் கேட்கும் சான்று வேறு. இரண்டையும் ஒரே பையில் போடக் கூடாது.

முதலாவது, இடம். தியோதிவாக்கான் மாயா நகரமே அல்ல. மாயா நகரங்கள் இருப்பது யுகத்தான், குவாத்தமாலா பக்கம். புகழ்பெற்ற திக்கால் நகரம் அங்கிருந்து ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். இரண்டுக்கும் தொடர்பு உண்டு, கி.பி. 378இல் மேற்கேயிருந்து வந்த ஒரு தலைவனின் வருகையை மாயாக் கல்வெட்டுகள் பதிந்திருக்கின்றன. அந்த மேற்கு தியோதிவாக்கான்தான் என்று பல அறிஞர்கள் கொள்கிறார்கள். தொடர்பு இருந்தால் இப்படித்தான் தேதியோடு பதிவாகும். ஆனால் டெல்லிக்கும் மதுரைக்கும் தொடர்பு இருக்கிறது என்பதால் செங்கோட்டையை நாயக்கர் கட்டினார் என்று சொல்வோமா?

இரண்டாவது, பெயர். சிலப்பதிகாரத்தில் மயன் வருகிறான், உண்மை. தெய்வத்தச்சன் என்ற பொருளில் வருகிறான். மாயா என்பதோ யுகத்தான் மக்களுக்கும் அவர்கள் மொழிக்கும் உரிய பெயர். மாயாபான் என்ற ஊர்ப் பெயரோடு சேர்ந்தது. பிற்கால ஆய்வாளர்கள் வசதிக்காக அந்த வட்டாரம் முழுவதற்கும் அதை நீட்டிக்கொண்டார்கள். மாயா எழுத்தைப் படிக்கும் வழியை ரஷ்ய அறிஞர் யூரி குனோரோசவ் 1952இல் திறந்தார். இன்று அந்தக் கல்வெட்டுகள் பெரும்பாலும் படிக்கப்பட்டுவிட்டன. அவற்றின் மொழி, இன்றும் லட்சக்கணக்கானோர் பேசுகிற மாயா மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழும் இல்லை, வடமொழியும் இல்லை.

ஒலி ஒப்புமையில் இன்னொன்றும் சொல்வார்கள். "தியோ என்றால் நாவா மொழியில் தெய்வம். தெய்வம், தேவன், தியோ, பாருங்க எப்படிப் பொருந்துது!" கிரேக்கத்திலும் தியோஸ் என்றால் கடவுள். ஆனால் வடமொழித் 'தேவ'வுக்கும் கிரேக்கத் 'தியோஸ்'க்குமே வேர் வேறு என்பது மொழியியலார் முடிவு. உறவுள்ள மொழிகளுக்குள்ளேயே ஒலியை நம்ப முடியவில்லை என்றால், கடல் தாண்டிப் போய் நம்புவது எப்படி?

மூன்றாவது, காலம். இதுதான் முக்கியம். சூரியப் பிரமிடு எழுந்தது கி.பி. 200ஐ ஒட்டி. அப்போது தமிழகத்துக் கோயில்கள் செங்கல்லும் மரமும் சுதையும்தான். சாளுவன்குப்பத்தில் 2005இல் வெளிப்பட்ட பழைய முருகன் கோயிலின் அடித்தளமும் செங்கல்லே. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் பெருமையோடு பொறித்தது ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஒரு புதுமை என்றுதான் அதை அவனே சொல்கிறான். மாமல்லபுரத்துக் கல் விமானங்கள் அதற்கும் பின்னால். அதாவது, நம் நாட்டில் கல் விமானம் எழும்பும்போது தியோதிவாக்கான் எரிந்து சாம்பலாகிக் கிடக்கிறது. மகன் செத்தபிறகு அப்பன் பிறந்த கதையாக அல்லவா இருக்கிறது!

நான்காவது, அமைப்பு. விமானம் என்பது கருவறைக்கு மேலே எழுகிற கூடு. உள்ளே இறைவன், மேலே சிகரம். தியோதிவாக்கான் பிரமிடு மண்ணும் கல்லும் இட்டு நிரப்பிய மேடை. கோயில் இருந்தது உச்சியில். சாய்ந்த சுவர் ஒன்று, அதன்மேல் சட்டம் போட்ட செங்குத்துப் பலகை ஒன்று, மறுபடி சாய்வு, மறுபடி பலகை என்று அடுக்கிக்கொண்டு போவது அவர்களுக்கே உரிய முறை. மேலே சுண்ணாம்பு பூசிச் செந்நிறம் தீட்டினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் கீழே அகன்று மேலே குறுகுகிறது, அவ்வளவுதான். சிமெண்டோ இரும்போ இல்லாமல் உயரமாகக் கட்ட வேண்டுமானால் எந்த ஊர்க் கொத்தனும் கீழே அகலமாகத்தான் போடுவான். மூட்டை அடுக்குகிற என் கடைப் பையனுக்கும் அது தெரியும்.

ஐந்தாவது, ஒத்த கதைகள். அஸ்டெக் புராணத்தில் இந்த இடத்தில்தான் தேவர்கள் கூடித் தீ வளர்த்தார்கள். நானாவாட்சின் என்ற நோயாளித் தேவன் தயங்காமல் தீயில் குதித்துச் சூரியன் ஆனான். செருக்குள்ள தேவன் தயங்கிக் குதித்துச் சந்திரன் ஆனான். இருவரும் ஒரே அளவு ஒளிவிட்டதால் சந்திரன் முகத்தில் ஒரு முயலை வீசி அடித்து ஒளியைக் குறைத்தார்களாம். 'நிலாவில் முயல்! நம்ம கதை!' என்று சட்டென்று தோன்றும். புத்த ஜாதகத்திலும் முயல் நிலாவுக்குப் போகிறது; சீனரும் முயலைத்தான் காண்கிறார்கள். காரணம் எளிது: எல்லோரும் பார்ப்பது ஒரே நிலாவை, அதிலுள்ள கறை ஒன்றேதான்.

அதேபோல, தாயம். மெக்சிகோவின் பதோல்லி ஆட்டத்துக்கும் சிலுவை வடிவக் கட்டம் உண்டு. அவரைக்கொட்டையை உருட்டிக் காய் நகர்த்துவார்கள். 1879இல் எட்வர்ட் டைலர் என்ற பேரறிஞரே, இது நம் நாட்டுப் பச்சீசியிலிருந்து போயிருக்கலாம் என்று எழுதினார். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியது மண். மண் என்ன சொல்கிறது?

தமிழ் வணிகர் போன இடங்களில் தடயம் இருக்கிறது. எகிப்தின் செங்கடல் துறைகளான பெரனிகேயிலும் குசைர் அல் காதிமிலும் தமிழ்ப் பிராமி எழுதிய பானை ஓடுகள் கிடைத்தன. தாய்லாந்தில் குவான் லுக் பாட் என்ற இடத்தில் தமிழ்ப் பொற்கொல்லர் ஒருவர் பெயர் பொறித்த உரைகல் கிடைத்தது. ஆள் போனால் ஓடாவது விழும், கல்லாவது கிடக்கும். தியோதிவாக்கானில் நூறு ஆண்டுக்கு மேலாகத் தோண்டுகிறார்கள். ரெனே மில்லன் குழுவினர் 1962 முதல் நகரம் முழுவதையும் நடந்தே அளந்து, மேற்பரப்பில் கிடந்த ஓடுகளைக் கூடை கூடையாகப் பொறுக்கி, வரைபடம் வெளியிட்டார்கள். தமிழ் எழுத்துள்ள ஓடு ஒன்று இல்லை. கடல் தாண்டிப் போன ஒரு மணி இல்லை. இரும்புத் துண்டு இல்லை. சங்க காலத் தமிழன் இரும்பில்லாமல் ஏறக் கூடியவனா மரக்கலம்?

4. வாரிசு என்றால் கடனும் சேர்ந்துதான்

பாட்டன் சொத்தை வாங்குகிறவன் பாட்டன் கடனையும் ஏற்க வேண்டும். இது எங்கள் வியாபார தர்மம். தியோதிவாக்கான் நம்முடையது என்று கைதட்டுகிறவர்கள் இறகுப் பாம்புப் பிரமிடின் அடியில் இருப்பதைச் சொல்வதில்லை. 1980களில் நடந்த அகழாய்வில், அதைக் கட்டும்போது பலியிடப்பட்ட 130க்கும் மேற்பட்டோர் உடல்கள் கிடைத்தன. பலருக்குக் கைகள் முதுகுப் பக்கம் கட்டியபடி. சிலர் கழுத்தில் மனிதத் தாடைபோலச் சிப்பியால் செய்த மாலை. சந்திரப் பிரமிடின் உள்ளே மனிதரோடு ஓநாய், மலைச் சிங்கம், கழுகு, பாம்பு முதலிய பிராணிகளையும் அடைத்துப் பலி கொடுத்திருக்கிறார்கள்.

ஓர் உயிரையும் வருத்தாதே என்று பால் குடிக்கும் வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். அந்த இடத்தில் என்னால் அதிக நேரம் நிற்க முடியவில்லை. ஆனாலும் அந்த மக்களைக் காட்டுமிராண்டிகள் என்று எழுத எனக்கு உரிமையில்லை. நம் வரலாற்றிலும் இரத்தம் உண்டு, பலிக்கல் உண்டு. நான் சொல்வது இதுதான்: நகரத்தை முழுதாகப் பார். அளவுகோலின் நேர்த்தியை மட்டும் எடுத்துக்கொண்டு பலியை மறைத்தால், அது வரலாறும் அல்ல, மரியாதையும் அல்ல.

5. நாம் பார்க்கத் தவறுவது

நம் முகத்தைத் தேடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தால் அந்த ஊரில் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது. பிரமிடுகளை விட்டு விலகித் தெத்தித்லா, தெபன்தித்லா போன்ற குடியிருப்புகளுக்கு நடந்து போனால் தெரியும். கி.பி. 250க்குப் பிறகு அந்த நகரத்தார் பெரும் பிரமிடு கட்டுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டு, வீடு கட்டத் தொடங்கினார்கள். இரண்டாயிரம் அளவில் கல் குடியிருப்புகள். ஒவ்வொன்றிலும் பல குடும்பங்கள், நடுவே முற்றம், முற்றத்தில் சிறு பீடம், சுண்ணாம்புத் தரை, தண்ணீர் போக வடிகால். பலவற்றில் சுவரோவியம். பெரும்பகுதி மக்கள் இப்படிப்பட்ட வீடுகளில் வாழ்ந்தார்கள் என்பது பழைய உலகில் அபூர்வம். மன்னன் சிலையோ பெயரோ கிடைக்காததால், பலர் கூடி ஆண்ட ஊராக இருக்கலாம் என்றும் ஒரு வாதம் உண்டு. இல்லை, வலிமையான மன்னர்களே ஆண்டார்கள் என்று மறுப்போரும் உண்டு. வீடுகள் மட்டும் கண்முன் நிற்கின்றன.

வியாபாரிக் கண்ணுக்கு இன்னொன்று படும். அங்கே வண்டி இல்லை, மாடு இல்லை, குதிரை இல்லை. அத்தனையும் மனிதன் முதுகில். பச்சூக்கா மலையில் கிடைக்கும் பச்சை நிற எரிமலைக் கண்ணாடிக் கல்லைக் கத்தியாகவும் அம்பு முனையாகவும் சீவி, மாயா நாடு வரை அனுப்பியிருக்கிறார்கள். அதே கல்லில் செய்த பொம்மைகளை இன்றும் வீதியில் கூவி விற்கிறார்கள். வெயிலுக்கு நேரே பிடித்தால் பச்சை ஒளிரும். விலை கேட்டுப் பேரம் பேசிப் பார்த்தேன். நம்ம சீதாபர்டி கடைத்தெருவுக்கு ஒன்றும் குறைந்தவர்கள் இல்லை.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு மிக நெருக்கமான ஒரு மூலை அந்த நகரின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. ஒவாக்கா நாட்டிலிருந்து, சுமார் 400 கிலோமீட்டர் தள்ளியிருந்து, வந்து குடியேறியவர்களின் பேட்டை அது. குடியிருப்பு எல்லாம் தியோதிவாக்கான் பாணியில். ஆனால் இறந்தவரைப் புதைப்பது ஒவாக்கா முறையில். சடங்குக் கலயம் ஒவாக்கா வடிவில். கல்லறை வாசலில் ஒவாக்கா எழுத்து. தலைமுறை தலைமுறையாக இதை விடவில்லை. நகரின் கிழக்கே, வளைகுடாக் கரைப் பானைகளும் மாயாப் பானைகளும் கிடைக்கிற வணிகர் பேட்டை ஒன்றும் உண்டு. அங்கே சதுர வீட்டுக்கு நடுவே தம் ஊர் வழக்கப்படி வட்ட வீடு கட்டியிருக்கிறார்கள். வீட்டுக்கு வெளியே ஊர்ப் பாஷை, வீட்டுக்குள்ளே தாய்ப் பாஷை என்று வாழ்கிற நமக்கு இது யாரும் விளக்கிச் சொல்லாமலே புரியும். மெக்சிகோவில் நாம் நம்மைக் காண வேண்டுமானால் இந்தப் பேட்டையில் காணலாம். பிரமிடின் உச்சியில் அல்ல.

6. உண்மையான கணக்கு

தமிழருக்கும் மெக்சிகோவுக்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது, நிறைய இருக்கிறது. ஆனால் அது மறுபக்கத்துக் கணக்கு.

நாற்பது ஆண்டு எனக்குச் சோறு போட்ட மிளகாய், மெக்சிகோக்காரன் வயலில் பண்பட்டது. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கப்பலில் நம் கரைக்கு வந்தது. அதுவரை நம் காரம் மிளகுதான். வந்த புதிய காய்க்கு மிளகு போன்ற காய் என்று பெயர் வைத்தோம். மக்காச்சோளம் அவர்களுடையது; ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் ஒரு காட்டுப் புல்லை உழவர்கள் கதிராக்கினார்கள். தக்காளி ரசத்தின் தக்காளி, பப்பாளி, எல்லாம் அந்தப் பக்கத்துச் சரக்கு. இங்கே கேந்தா என்றும் ஊரில் செண்டுமல்லி என்றும் சொல்லி எல்லா நல்ல காரியத்துக்கும் மாலை கட்டுகிறோமே, அந்தப் பூவும் மெக்சிகோவுடையது; இறந்தவர் நாளில் அங்கே வீடெங்கும் பரப்புகிறார்கள். நம் ஊர் வேலியோரத்துச் சப்பாத்திக்கள்ளியும் ரயில் கற்றாழையும்கூட அந்த மண்ணிலிருந்து வந்தவை. கள்ளியை முள் சீவி நறுக்கி வதக்கி என் துணைவியாருக்கும் எனக்கும் பரிமாறினார்கள். வெண்டைக்காய் போல வழுவழுப்பு. கிழங்கும் மாமிசமும் சேர்க்காத எங்களுக்கு மூன்று வாரமும் அதுவும் அவரையும் சோள ரொட்டியும்தான் துணை.

இவை ஊகம் அல்ல. தாவர நூலார் ஒப்புக்கொண்ட விஷயம். ஆனால் ஒரு மேடையிலாவது, "மெக்சிகோ உழவனே, உனக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்" என்று ஒரு பேச்சாளர் சொல்லி நான் கேட்டதில்லை. அவன் நமக்குத் தர வேண்டியதாக நாமே எழுதிக்கொண்ட பாக்கிக்குப் பத்திரமில்லை, சாட்சியில்லை. ஆனாலும் கைதட்டி வசூலிக்கிறோம். நாம் அவனுக்குத் தர வேண்டிய கடன் தினம் இலையில் விழுகிறது. அதைப் பேரேட்டில் ஏற்றவே இல்லை. இப்படிக் கணக்கு எழுதுகிறவனைக் கடையில் வைத்துக்கொள்வார்களா?

7. இதனால் என்ன கெட்டுவிட்டது?

"போகட்டுமே நயினார், ஒரு பெருமைக்குச் சொல்றோம், இதில் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நஷ்டம் இரண்டு பேருக்கு.

ஒன்று, அங்கே இருப்பவர்களுக்கு. நாவா மொழி பேசுவோர் இன்றும் மெக்சிகோவில் பதினைந்து லட்சத்துக்கு மேல் இருக்கிறார்கள். மாயா மொழிகள் பேசுவோர் மெக்சிகோவிலும் குவாத்தமாலாவிலும் பல லட்சம் பேர். இவ்வளவு பெரிய கட்டடம் உங்கள் முன்னோர் கட்டியிருக்க முடியாது என்று ஐரோப்பியர் சிலர் இவர்களிடம் முன்பே சொல்லிப் பார்த்தார்கள். எகிப்தியர் என்றார்கள், மூழ்கிய கண்டத்தார் என்றார்கள். நாமும் போய் 'தமிழர்' என்று சொன்னால் அந்த வரிசையில்தான் நிற்போம். நம்மைப் பற்றி இப்படி யாராவது சொன்னால் பொறுப்போமா? தமிழ் எழுத்தும் தமிழ்க் கலையும் வேறெங்கிருந்தோ வந்தவை என்று ஒருவர் எழுதினால் எத்தனை கண்டனக் கூட்டம் போடுகிறோம்!

இரண்டு, நமக்கே. கீழடி இருக்கிறது. மாங்குளத்துத் தமிழ்ப் பிராமி இருக்கிறது. பாண்டியன் நெடுஞ்செழியன் காலத்தில் சமண முனிவருக்குப் பள்ளி அமைத்துக் கொடுத்த செய்தி அங்கே கல்லில் நிற்கிறது. பெரனிகேயின் ஓடு இருக்கிறது. இவையெல்லாம் கலப்படமில்லாத சரக்கு. மிளகாய்த் தூளில் செங்கல் தூள் கலந்தால் என்ன ஆகும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாங்குகிறவன் ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால், அப்புறம் நல்ல தூளையும் விரலால் தேய்த்துப் பார்த்துச் சந்தேகப்படுவான். நம் வீட்டுப் பிள்ளைகள் நாளைக்கு வெளிநாட்டுக் கல்லூரியில் ஒரு மெக்சிகோ மாணவன் பக்கத்தில் உட்காருவார்கள். மயன் கதையை அங்கே அவிழ்த்து, அவன் சிரித்துவிட்டால், திரும்பி வந்து மாங்குளத்தைச் சொல்லும்போதும் அதே பிள்ளை நம்மைச் சந்தேகமாகத்தான் பார்க்கும்.

ஆகவே சங்கத்துப் பெரியோருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த விழாவில் மெக்சிகோவைப் பற்றிப் பேச ஆசை இருந்தால் தாராளமாகப் பேசலாம். மிளகாய் வந்த வழியைப் பேசலாம். முந்நூறு நானூறு ஆண்டு தம் வழக்கம் மறக்காமல் அயலூரில் வாழ்ந்த ஒவாக்காப் பேட்டையைப் பற்றிப் பேசலாம். மன்னன் பெயர் இல்லாத அந்த நகரத்து வீடுகளைப் படம் போட்டுக் காட்டலாம். படங்கள் என்னிடம் இருக்கின்றன, கேட்டால் தருகிறேன். மயன் பெயரைச் சிலப்பதிகாரத்தில், அது இருக்க வேண்டிய இடத்தில், வைத்துப் படிப்போம். தியோதிவாக்கானைக் கட்டியவர்கள் தம் பெயரை விட்டுப் போகவில்லை. அந்த இடம் காலியாகவே இருக்கட்டும். அங்கே நம் பெயரை எழுத வேண்டாம் என்பதே என் துணிபு.